டீக்கு உருட்டிய பகடை

1. ஆலன் மேஜையைக் காட்டினார்

இங்கிலாந்திலிருந்து ஆலன் வீடியோ காலில் வந்தால் முதலில் அவர் ஊர் மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்பார். அன்று இரண்டும் இல்லை. போனைத் திருப்பி நேராகத் தன் மேஜையைக் காட்டினார்.

மேஜை மேல் பச்சைத் துணி விரித்து, அட்டையில் குன்றுகள் செய்து வைத்திருந்தார். அதில் நாங்கள் தருமபுரியில் வார்த்து அனுப்பிய கிழக்கிந்தியக் கும்பினியின் ஈயச் சிப்பாய்கள் வரிசை வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தார்கள். எதிரே மைசூர்ப் படை ஒரு ஆள் குறையாமல் நின்றது. மூன்று முறை விளையாடிப் பார்த்தாராம். மூன்று முறையும் கும்பினிப் படை பாதி மேஜையைத் தாண்டுவதற்குள் மைசூர்க்காரர்களின் ராக்கெட் வாணங்கள் மொத்தப் படையையும் தீர்த்துவிட்டனவாம். போர் தொடங்கும்போது டீக்குத் தண்ணீர் வைத்தால், தண்ணீர் கொதிப்பதற்குள் போர் முடிந்துவிடுகிறது என்றார். ஆங்கிலத்தில் அதை மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் முகம் நன்றாக இல்லை.

"நம்ம வாணக்காரங்க நல்லாத்தான சண்டை போட்டிருக்காங்க. அதுக்கு எதுக்குங்க இந்த மனுசன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு?" என்று எங்கள் பட்டறையில் வார்ப்பு வேலை பார்க்கும் பயாஸ் பாய் என் காதருகில் கேட்டார்.

விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் ஜெயிக்க வழி இருக்க வேண்டும். ஆலனுக்கு அங்கே ஒரு கடை உண்டு. இரண்டு வாரத்தில் அவர் பக்கத்து ஊரில் போர் விளையாட்டுக்காரர்கள் கூடும் கண்காட்சி. அங்கே எங்கள் விளையாட்டை ஆடிக் காட்டுவார். நன்றாகப் போனால் எங்கள் பெட்டியைத் தன் கடைக்கு எடுத்துக்கொள்வார். போகவில்லை என்றால் இல்லை. இதுதான் பேச்சு.

எனக்கு அதே சமயத்தில் இன்னொரு பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஓசூரில் நான் முன்பு வேலை செய்த வாட்ச் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கண்காட்சி முடிந்த திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் மாரண்டஹள்ளியில் காய்கறி லோடு வண்டி ஓட்டுகிறார். நீ எதைச் சொன்னாலும் சரி, ஆனால் ஒன்றைச் சொல் என்று அவர் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார். எனக்கு இந்தப் பட்டறையை விட்டுப் போக மனமே இல்லை. அதற்காக ஊரில் நாலு பேர் பொம்மை செய்பவள் என்று சிரித்ததைக்கூட நான் பொருட்படுத்தியதில்லை.

2. மூன்று பேர் ஒரு கடையில்

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுவதால், வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

பழைய போர்களை மேஜை மேல் ஆடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய், குதிரை, பீரங்கி எல்லாம் உலோகத்தில் வாங்கி, தங்கள் கையால் வண்ணம் தீட்டிப் படை சேர்ப்பார்கள். டேப்பால் அளந்து படையை நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா, மிரண்ட படை ஓடியதா நின்றதா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்வார்கள். இதற்கெல்லாம் விதிப் புத்தகம் ஒன்று வேண்டும். பொம்மை செய்வது பாதி வேலை, விதி எழுதுவது மீதிப் பாதி.

நான் வாட்ச் கம்பெனியில் டயல் செக்கிங் பார்த்தவள். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, டயலில் எண் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் பிடித்துத் தள்ளிவிடுவேன். அந்தப் பிரிவை மூடிய பிறகு சும்மா இருந்த ஒரு நாளில், கொலுசுத் திருகாணி கழன்றுவிட்டது என்று தருமபுரியில் பயாஸ் பாய் கடைக்குப் போனேன். பாய் குடும்பமே கொலுசு மணி வார்க்கிற குடும்பம். அங்கே எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, துப்பாக்கி முனை உடைந்த ஒரு சின்னச் சிப்பாயைப் பற்றவைத்துத் தரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்தான் டேனியல் சார். அரூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சம்பளத்தில் ஒரு பங்கை வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கே கொடுத்துக்கொண்டிருந்தவர்.

பாய் அந்தச் சிப்பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னாங்க சார் இருக்கு, கொலுசு மணி ஊத்தற அதே ரப்பர் அச்சுதான். இத நானே ஊத்துவேனே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். முகம் சரியில்லை, கண் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை, நான் இதைவிட நன்றாகச் செய்வேன் என்று சொல்லிவைத்தேன். டேனியல் சார் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். கொலுசை அன்று வாங்க மறந்தே வீட்டுக்குப் போனேன்.

பிறகு வேலை இப்படிப் போனது. கம்பியை முறுக்கி உடம்பு போல் வளைத்து, அதன் மேல் இறுகிக் கல்லாகும் எபாக்சி மாவை ஒட்டி, ஊசியால் நான் உருவம் செதுக்குவேன். அது காய்ந்ததும் பாய் ரப்பருக்குள் வைத்து மெஷினில் அழுத்தி வேகவைத்து அச்செடுப்பார். வட்ட அச்சைச் சுழல விட்டு, நடுவில் உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால், சுழலும் வேகத்தில் உலோகம் வாய்க்கால் வழியாக ஓடிப்போய் ஒவ்வொரு சிப்பாய்க்குள்ளும் நிறையும். டேனியல் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் அரூரிலிருந்து பஸ் ஏறி வந்து விதி எழுதுவார். எந்தப் போரை எடுப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. பாரமகால் என்று அந்தக் காலத்தில் சொன்ன எங்கள் சீமையில் மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மோதியதை விட்டுவிட்டு வேறு எங்கே போவது.

முகங்களுக்கு நான் படம் தேடவில்லை. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவும் கோவிந்தன் அண்ணனை மைசூர் பீரங்கித் தலைவனாக்கினேன். நான் தினமும் வரும் பஸ்ஸின் கண்டக்டருக்கு ஊதாத நேரத்திலும் விசில் வாயில்தான் இருக்கும். அவரைக் கும்பினிப் படையில் எக்காளம் ஊதுகிறவராக்கினேன். கோவிந்தன் அண்ணன் தன்னைப் பார்க்கப் பட்டறைக்கே வந்துவிட்டார். லென்ஸில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம் மூக்கு இம்மாம் பெருசாங்க?" என்றார்.

"இன்னும் பெருசுங்கண்ணா. ஈயம் மிச்சமாகட்டும்னு கொறச்சிருக்கேன்" என்றேன்.

3. டீ வழக்கம்

விதியை எழுதி வைத்துவிட்டால் போதாது, ஆடி ஆடிப் பார்த்துத் திருத்த வேண்டும். அதற்குப் பகடை வேண்டும். சொந்தமாகப் படை வார்க்கிறவர்கள் பகடையைக் கடையில் வாங்குவதா என்று எங்களுக்கு ரோசம். மீந்த ஈயத்தில் பாய் பகடை வார்த்தார். முனை மழுங்காமல், புள்ளி பிசகாமல், கையில் கனமாக, அவ்வளவு அழகு. நான் லென்ஸ் போட்டு ஆறு பக்கமும் பார்த்துப் பாஸ் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை டீ யார் வாங்குவது என்பதையும் அந்தப் பகடையே சொல்லும். டேனியல் சாரும் பாயும் ஆளுக்கு ஒன்று உருட்டுவார்கள். குறைந்த எண் விழுந்தவர் டீ வாங்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே எண் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் விழும். மறுபடி உருட்டினால் மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று. எதிர்க்கடைப் பையன் டம்ளர்களோடு வாசலில் நின்று சலித்துப் போவான். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இரண்டு பேருக்கும் ஒரே ராசி என்று நான் கேலி செய்வேன்.

விளையாட்டில் மட்டும் ஒரு தொந்தரவு இருந்தது. எங்கள் விதியில் சுடுவதற்குப் பெரிய எண் விழ வேண்டும். படை மிரளாமல் நிற்பதற்குச் சின்ன எண் விழ வேண்டும். மைசூரின் பலம் வாணம், கும்பினியின் பலம் கட்டுப்பாடு. ஆடினால் எப்போதும் கும்பினிதான் ஜெயித்தது. வாணம் எதிலும் படாது, கும்பினிக்காரன் எதற்கும் மிரள மாட்டான். டேனியல் சாருக்கு மனசு கேட்கவில்லை. ஆறு விழுந்தால்தான் வாணம் படும் என்று முதலில் எழுதியதை ஐந்துக்கு இறக்கினார். பிறகு நாலு. பிறகு மூன்று.

"அடுத்த வாட்டி வாணத்துக்கு ரெண்டு டைஸ் சேத்துக் குடுத்துப் பாப்போம்ங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் எதையாவது கூட்டிக்கொண்டே போனார். ஒரு வழியாக ஆட்டம் சமமாக வந்தது. அன்று நாங்கள் மூன்று பேரும் கை கொடுத்துக்கொண்டோம். அந்த விதியைத்தான் ஆலனுக்கு அனுப்பினோம். பார்சல் கனம் கூடும் என்று பகடையை அனுப்பவில்லை. அவரிடம் பிளாஸ்டிக் பகடை டப்பா டப்பாவாக இருந்தது.

4. அறுத்துப் பார்த்தோம்

ஆலன் மேஜையைக் காட்டிய அந்த வாரக் கடைசியில் டேனியல் சார் சோர்ந்துபோய் வந்தார். வந்தவர் பகடை டப்பாவை எடுத்து வர மறந்திருந்தார்.

"மேசை மேலயே வெச்சிருந்தேன்ங்க, வூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார். திரும்ப அரூர் போய் வந்தால் பொழுது போய்விடும். பாய் எழுந்து பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் பிள்ளைகள் ஆடும் பிளாஸ்டிக் பகடை வாங்கி வந்தார்.

முதலில் டீ. சாருக்கு நாலு, பாய்க்கு இரண்டு. பாய் வாங்கினார். பிறகு வாண விதியை எப்படிக் குறைப்பது என்று பேசியே ஒரு மணி நேரம் போனது. அடுத்த டீக்கு உருட்டினார்கள். ஐந்து, மூன்று. மறுபடி பாய். நான் ஒரு குதிரைக்குச் சேணம் வரைந்துகொண்டிருந்தேன். மூன்றாவது டீயும் ஒரே உருட்டில் முடிந்தபோது என் பிரஷ் நின்றுவிட்டது. பையன் வாசலில் காத்திருக்கவே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

"பாய், நம்ம டைஸ்ல என்னைக்காவது மொத உருட்டுல டீ முடிஞ்சிருக்குங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பட்டறையில் எங்கள் பகடைகள் வண்ணம் தீட்டாமல் சில மிச்சம் கிடந்தன. எடுத்து உருட்டினோம். ஒன்று. ஒன்று. நாலு. ஒன்று. ஒன்று. பாய் எழுந்துபோய் நகை அறுக்கும் வாளை எடுத்து வந்து ஒரு பகடையை நடுவில் அறுத்தார். உள்ளே, ஒன்று என்று புள்ளி இருக்கும் பக்கத்துக்குக் கீழே, துவரம்பருப்பு அளவுக்கு ஓட்டை. இன்னொன்றை அறுத்தார். அதே இடத்தில் அதே ஓட்டை.

பாய்க்கு உடனே விளங்கிவிட்டது. கொலுசு மணி மெல்லிசு, சிப்பாயும் மெல்லிசு. ஊற்றியவுடன் முழுசாக இறுகிவிடும். பகடை கட்டி. வெளிப்பக்கம் முதலில் இறுகிவிட, கடைசியாக இறுகும் இடத்தில் உலோகம் பற்றாமல் உள்ளே ஓட்டை விழுந்துவிடும். அந்தக் கடைசி இடம் வாய்க்கால் சேரும் பக்கம். வாய்க்காலை அவர் எல்லாப் பகடையிலும் ஒன்று இருக்கும் பக்கத்தில்தான் சேர்த்திருந்தார். அங்கேதான் புள்ளி ஒன்றே ஒன்று, வாய்க்கால் முனையை அரம் போட்டு எடுத்தாலும் புள்ளி அழியாது. அந்தப் பக்கம் லேசானதால் உருட்டினால் அதுவே மேலே வந்து நின்றது.

"எங்க அத்தா காலத்துலேர்ந்து ஊத்தறோம். கட்டியா ஒண்ணு ஊத்துனதே இல்லீங்க" என்றார் பாய். கையில் பாதிப் பகடை இருந்தது.

டேனியல் சார் மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார். வெளிக்குறை ஒன்றுகூட என் லென்ஸிலிருந்து தப்பாது என்று பெருமை பேசிய நானும் சிரித்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் விதியைத் திருத்தவில்லை, பாய் வார்த்த ஓட்டைக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பாயும் சிரித்தார், கொஞ்சம் வலியோடு.

ஆலனிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் தகராறு வந்தது. சார் விதியைத் திருத்திவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் பாய். வார்ப்பு வேலையில் குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் விதியைத் தலைகீழாக மாற்றி அனுப்பினால், அடுத்த முறையும் மாற்ற மாட்டோம் என்று அந்த மனிதர் எப்படி நம்புவார். வாட்ச் கம்பெனியில் நான் கற்றுக்கொண்டது அது. ரிஜெக்ட் போட்டால் காரணச் சீட்டை ஒட்டித்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதே குறை திரும்ப வரும். அதைச் சொன்னேன். பாய் அறுத்த பகடையைத் துணியில் துடைத்து எடுத்தார்.

"செரி, சொல்லிடுங்க. ஆனா நானே காட்டறேன்" என்றார்.

டேனியல் சார் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். டீ வழக்கத்தையும் விடவில்லை. பாய் அறுத்த பகடையைக் கேமரா முன்னால் பிடித்தார். ஆலன் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். அவர் தோள் முதலில் குலுங்கியது. பிறகு கண்ணாடி கழன்று விழும்வரை சிரித்தார். மூச்சு வாங்கியபடி, முதன்முதலில் எழுதிய விதி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. டேனியல் சார் தன் எழுத்தை எதையும் அழிக்காத மனிதர், போனிலேயே வைத்திருந்தார். அன்று மிச்ச நேரம் பூராவும் ஃபேன்சி ஸ்டோர்ப் பகடையில் அந்த விதியை ஆடினோம். ஒரு ஆட்டம் மைசூர், ஒரு ஆட்டம் கும்பினி. மூன்றாவது ஆட்டம் இழுபறியில் இருக்கும்போது அரூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முதல் நாள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. டேனியல் சார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பத்தாவது பாஸான பையன் தோற்றுப்போவான்.

5. திங்கட்கிழமை

கண்காட்சி அன்று மதியம் பட்டறையில் உட்கார இடம் இல்லை. கோவிந்தன் அண்ணன் ஏலத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். கண்டக்டர் லீவு போட்டு வந்திருந்தார். ஆலன் போனை மேஜைக்கு மேலே கட்டிவைத்து எங்களுக்குக் காட்டினார். மேஜையைச் சுற்றி ஆட்கள் நெருக்கி நின்றார்கள்.

ஆட்டம் கடைசிவரை போனது. ஒரு குன்றின் மேல் கும்பினியின் கடைசிப் படை, எதிரே கோவிந்தன் அண்ணனின் பீரங்கி. பீரங்கி சுட்டது, பட்டது. கும்பினிப் படை மிரளுமா நிற்குமா என்று ஆலன் பகடையை எடுத்தார். மூன்று அல்லது அதற்குக் கீழே விழுந்தால் நிற்கும். மூன்று விழுந்தது. நின்றார்கள், குன்று அவர்களுக்கு. அங்கே கைதட்டினார்கள். இங்கே கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். கோவிந்தன் அண்ணன் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

மறுநாள் ஆலன் கூப்பிட்டார். பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குள் நான் பாயின் கையைப் பிடித்துவிட்டேன், என்னவோ அழுகை வந்துவிட்டது. ஆலன் ஒரு நிபந்தனை இருக்கிறது என்றார். ஆட்டத்துக்கு நடுவில் அவர் எங்கள் பகடைக் கதையைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாம் அந்தப் பகடை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஓட்டைப் பகடை இருக்க வேண்டும், டீக்கு உருட்ட.

திங்கட்கிழமை ஓசூருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அப்படி அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். குவாலிட்டி செக்கிங் என்றேன்.

சொன்னது பொய்யில்லை. பாய் அதற்குள் கட்டி வார்க்கும் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து அச்சைத் திருத்தியிருந்தார். இனி ஓட்டையே விழாது என்று மார் தட்டியவர், இப்போது ஓட்டை விழவைக்க முடியாமல் தவித்தார். வாய்க்காலை மாற்றினார், சூட்டைக் கூட்டினார், குறைத்தார். பகடை பிடிவாதமாக நல்லதாகவே வந்தது. தப்பாக வார்க்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போதும் எல்லாம் ஒழுங்காகத் தப்பாக வருவதில்லை.

இந்த வேலையில் நான் கற்ற பாடம் இதுதான். ஆட்டம் சரியாக வரவில்லை என்றால் விதியில் கை வைக்கும் முன் பகடையை அறுத்துப் பாருங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கையில் அந்த அறுத்த பாதியைக் கொடுத்துத்தான் நான் பேச்சையே தொடங்குவேன்.

தினமும் காலையில் பாய் வார்த்த பகடைகளை நான் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப ஒன்றே விழுவது பாஸ், பெட்டிக்குப் போகும். எல்லா எண்ணும் நியாயமாக விழுவதை ரிஜெக்ட் டப்பாவில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டேனியல் சார் வந்ததும் அந்த டப்பாவைத்தான் முதலில் கேட்பார். அடுத்த போருக்கான விதியை அந்த ரிஜெக்ட் பகடைகளில்தான் ஆடிப் பார்த்து எழுதுகிறார்.